கடலுக்கு முன்னே ஒரு தொட்டி

தேக்காவின் பின்சந்து முதல் புலாவ் உபின் கரை வரை: நாம் ஊற்றும் நீர் எங்கே போகிறது, அதைக் கடைசியாகத் தொடும் கை யாருடையது?

இரவு பதினொன்றரை மணி. ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே ஒரு பின்சந்து. உணவகத்தின் முன்வாசலில் விளக்கை அணைத்துவிட்டார்கள். பின்வாசலில் இரண்டு ஊழியர்கள் குனிந்து நிற்கிறார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்புகிறார் மூத்தவர். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்கிறார். மூடி நகர்ந்ததும் புளித்த குழம்பும் பழைய நெய்யும் கலந்த வாடை சந்து முழுக்கப் பரவுகிறது.

உள்ளே மஞ்சள் நிறத்தில் ஓர் ஏடு. பால் ஆறினால் மேலே ஆடை படியுமே, அதைப் போல, ஆனால் கை விரல் தடிமனுக்கு. காலை தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய், மதியம் பிரியாணி அண்டாவைக் கழுவிய நீர், மாலை பஜ்ஜி பொரித்த சட்டியின் மிச்சம், அத்தனையும் அங்கே வந்து உறைந்திருக்கிறது. இளையவர் அகப்பையால் மேலேட்டை அள்ளி வாளியில் போடுகிறார். மூத்தவர் நீளக் கரண்டியால் அடியைக் கிளறுகிறார். ஊறிப்போன சோற்றுப் பருக்கைகள் மேலே வருகின்றன.

இதன் பெயர் கிரீஸ் டிராப். தடுப்புகள் வைத்த சாதாரணத் தொட்டி. எண்ணெய் மிதக்கும், சோறு அடியில் தங்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். உணவுக் கடைகள் இதைப் பொருத்த வேண்டும், தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. சிங்கப்பூரின் கழிவுநீர்க் கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூமிக்கடியில் ஓடும் மாபெரும் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சுரங்கத்தின் உடல்நலம் இந்தச் சந்தில், இந்த அகப்பையில் தொடங்குகிறது.

இரண்டு குழாய், இரண்டு பயணம்

சிங்கப்பூரில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகக் கலப்பதில்லை. கழிப்பறை, குளியலறை, அடுப்படி நீர் எல்லாம் மூடிய குழாய்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சாலையோரம் நாம் பார்க்கும் திறந்த வடிகாலில் மழைநீர் மட்டும் ஓட வேண்டும்.

தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவின் வடிகால்கள் ரோச்சோர் கால்வாயில் சேர்கின்றன. முன்பெல்லாம் அந்தக் கால்வாய் காலாங் வடிநிலம் வழியாகக் கடலைத் தொட்டது. 2008 அக்டோபர் 31 அன்று மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. 350 மீட்டர் நீளமுள்ள அந்த அணை கடலை வெளியே நிறுத்தியது. உள்ளே தேங்கிய நீர் மழையால் உப்பு நீங்கி, நாம் குடிக்கும் நீராயிற்று. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 10,000 ஹெக்டேர், இந்த நீர்த்தேக்கத்துக்கு நீர் தருகிறது. தேக்காவும் அதற்குள் அடக்கம்.

இப்போது அந்தப் பின்சந்துக்குத் திரும்பிப் பாருங்கள். தொட்டியை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் சூடான எண்ணெய் குழாய்க்குள் போகும். போகிற வழியில் ஆறி, சுவரில் ஒட்டும். மனித இரத்தக் குழாயில் கொழுப்பு படிவதைப் போலத்தான். குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் ஆள்நுழைவுக் குழி வழியாக மேலே பொங்கும். பொங்கியது சரிவைப் பார்த்து ஓடி மழைநீர் வடிகாலில் விழும். அடுத்த நிறுத்தம் ரோச்சோர் கால்வாய். அதற்கடுத்தது நம் குடிநீர்.

அதே சந்தில் கழுவிய வாளி நீரை வடிகாலில் சாய்த்தாலும் முடிவு இதுதான். அங்கே நடுவில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது.

■ எண்கள் சொல்வது

• நீரில் கலந்த கழிவு மக்குவதற்கு எவ்வளவு உயிர்வளி தேவை என்பதே மாசின் அளவுகோல். தொழிற்கூடங்கள் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் நீருக்கு வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம்.
• சாதாரண நீரோடையில் விடுவதென்றால் 50.
• குடிநீருக்குப் போகும் நீரோடையில் விடுவதென்றால் 20.
• குழாய்க்கும் குடிநீர் ஓடைக்கும் உள்ள வேறுபாடு 20 மடங்கு. எந்தத் துளையில் ஊற்றுகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

வாளியிலிருந்து சுரங்கம் வரை

லிட்டில் இந்தியா ஈரத்தில் பிறந்த ஊர். எருமைகள் புரளச் சேற்றுக்குட்டைகள் இருந்ததால்தான் மாட்டு வணிகம் இங்கே வேரூன்றியது. பஃபலோ சாலையும், மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். மாட்டுச் சாணமும் அறுப்புக் கழிவும் அருகிலிருந்த ஓடைகளில் கலந்தன. நகரின் பெரும்பகுதியில் மனிதக் கழிவை வாளியில் சேர்த்து, விடியுமுன் ஆட்கள் சுமந்து போனார்கள்.

1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தே ஆண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். காலாங் பகுதியிலிருந்து 610 பன்றிப் பண்ணைகளும் ஏறத்தாழ 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோரக் கடைக்காரர்கள் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள். 1987-இல் இலக்கு எட்டப்பட்டது. கடைசி மலவாளி நிலையம் மூடப்பட்டதும் அதே ஆண்டு ஜனவரியில்தான். அந்த நிலையம் இருந்த இடத்தின் பெயரை நினைவில் வையுங்கள்: லோரோங் ஹாலுஸ். அங்கே மீண்டும் வருவோம்.

பிறகு வந்தது ஆழ்சுரங்கம். கிராஞ்சியிலிருந்து சாங்கிக்கு 48 கிலோமீட்டர். நீர் தன் எடையாலேயே சரிந்து ஓடும்படி 2008-இல் முதல் கட்டம் முடிந்தது. தென்பகுதியையும் துவாஸையும் இணைக்கும் இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சுரங்கமும் இணைப்புக் குழாயும் 2023-இல் தோண்டி முடிக்கப்பட்டன. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி மீண்டும் பயன்படும் புதுநீராகிறது. சாங்கி நிலையத்தில் மீந்தது கரையிலிருந்து வெகுதூரம் கடலடியில் போட்ட குழாய் வழியாக ஆழ்நீரில் விடப்படுகிறது. கரையோர உயிர்களுக்கு அந்த இடைவெளியே பாதுகாப்பு.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தீவுகளுக்குப் போகவில்லை.

சுரங்கம் எட்டாத கரை

சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் கருங்கல் தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜொகூர் பாலத்துக்கும் கல் கொடுத்தது இந்த மண்தான். ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இன்று குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர். கிணற்று நீர். நகரத்தின் கழிவுநீர்க் குழாய் இங்கே இல்லை. உண்டாகும் கழிவுநீரை உண்டாகும் இடத்திலேயே, தொட்டியிலும் மண்ணிலும்தான் கையாள வேண்டும்.

தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. கடல் வற்றும் நேரத்தில் மரப்பாலத்தில் நடந்தால் கீழே கடற்புல் படுகை பச்சைப் பாயாக விரியும். சதுப்புநிலக் காடு, மணல் திட்டு, சேற்றுச் சமவெளி, பாறைக் கரை, பவளச் சிதறல் என்று பல வாழிடங்கள் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. இந்த இடம் நிலமாக மேடாக்கப்படவிருந்தது. 2001-இல் ஆசிரியர்கள், மாணவர்கள், இயற்கை ஆர்வலர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு பணியை ஒத்திவைத்தது. செக் ஜாவா பிழைத்தது.

ஆனால் இந்தக் கரை எவ்வளவு மெல்லியது என்பதை 2007-இன் தொடக்கம் காட்டியது. பெருமழையால் ஜொகூர் நீரிணையில் நன்னீர் பெருகி உப்பின் அளவு சரிந்தது. செக் ஜாவாவின் கடற்சாமந்தி, நட்சத்திர மீன் உள்ளிட்ட உயிர்கள் பெருமளவில் மடிந்தன. யாரும் நஞ்சு ஊற்றவில்லை. உப்பு குறைந்தது, அவ்வளவுதான். அதையே தாங்காத கரை, நாள்தோறும் கசியும் கழிவை எத்தனை காலம் தாங்கும்?

உபினின் சிக்கல் அளவில் சிறியது, தன்மையில் கடினமானது. திங்கள் முதல் வெள்ளி வரை தீவில் ஆளரவம் குறைவு. சனி, ஞாயிறு வந்தால் மிதிவண்டிக் கூட்டம், பள்ளிக் கூட்டம், கடலுணவு சாப்பிட வரும் குடும்பங்கள். கழிவை உண்டு செரிப்பவை நுண்ணுயிர்கள். ஐந்து நாள் பட்டினி போட்டு இரண்டு நாள் விருந்து வைத்தால் அவை என்ன செய்யும்? பாதியைச் செரிக்காமல் வெளியே விடும். பெருநகர நிலையத்தில் லட்சக்கணக்கானோரின் நீர் கலப்பதால் ஏற்ற இறக்கம் தெரியாது. சிறு நிலையத்தில் ஒரு பேருந்துக் கூட்டம் வந்தாலே தெரியும். அதனால்தான் தீவுகளுக்கும் கடற்கரை முகாம்களுக்கும் நிலையம் வடிவமைப்பவர்கள் முதலில் ஒரு சமப்படுத்தும் தொட்டி கேட்பார்கள். வார இறுதியின் வெள்ளத்தை அது பிடித்துவைத்து, வாரநாட்களில் சிறுகச் சிறுக அனுப்பும்.

மண்ணும் ஒத்துழைப்பதில்லை. கருங்கல்லின் மேல் மண் ஆழமில்லாத இடங்களில் செப்டிக் டேங்க்கிலிருந்து வெளியேறும் நீர் வடிகட்டப்படாமலே பாறை இடுக்கு வழியாகக் கிணற்றுக்கோ கரைக்கோ போகலாம். கரையோர மணலில் வேறு சிக்கல்: ஓதம் ஏறும்போது நிலத்தடி நீரும் ஏறும், தொட்டியின் வடிகுழியே நீரில் மூழ்கும்.

■ சிறு நிலையம் வேலை செய்யும் விதம்

• தங்கல் தொட்டி: கனமானது அடியில் படியும், எண்ணெய் மிதக்கும். செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு படி மட்டுமே.
• தடுப்பறைத் தொட்டி: நீர் மேலும் கீழுமாகப் பல அறைகளைக் கடக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும். மின்சாரம் தேவையில்லை.
• நாணல் படுகை: சரளைக் கல்லில் வேரோடிய செடிகள். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களே உண்மையான வேலைக்காரர்கள்.
• தெளிவுக் குளம்: வெயிலும் காற்றும் படும் ஆழமில்லாத குளம். மிச்சக் கிருமிகள் இங்கே குறையும்.
• முதல் படியோடு நிறுத்தினால் நீரிலிருந்து படிவதும் மிதப்பதும் மட்டுமே பிரியும். அதில் கரைந்த நைட்ரஜன் அப்படியே இருக்கும். கடலுக்குக் கேடு அதில்தான்.

நாணல் செய்யும் வேலை

சிராங்கூன் சாலையில் தேக்காவிலிருந்து வடகிழக்காகப் போய்க்கொண்டே இருந்தால் அது அப்பர் சிராங்கூன் சாலையாகும். அதன் முடிவில் முன்பு காங்கார் என்ற மீனவக் கிராமம் இருந்தது. அங்கே ஓடிய சிராங்கூன் ஆற்றின் மறுகரைதான் லோரோங் ஹாலுஸ். மலவாளிகள் கடைசியாக வந்து சேர்ந்த இடம். 1970 முதல் 1999 வரை நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட இடமும் அதுவே.

குப்பை மேட்டில் மழை பெய்தால், உள்ளே இறங்கும் நீர் கறுத்த சாறாக வடியும். பக்கத்தில் ஆறு. ஆற்றின் வாயில் ஜொகூர் நீரிணை. சிராங்கூன் ஆற்றை அடைத்துக் குடிநீர்த் தேக்கமாக்க முடிவெடுத்தபோது இந்தச் சாறே பெரிய கேள்வியானது. விடை இரண்டு பகுதியாக வந்தது. குப்பை மேட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நடுவே, நிலத்துக்கடியில் 6 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு தடுப்புச் சுவர். தேங்கும் சாற்றை எடுத்துச் சுத்திகரிக்க நாணல் படுகைகளும் தெளிவுக் குளங்களும். 2011-இல் அது லோரோங் ஹாலுஸ் ஈரநிலமாகத் திறக்கப்பட்டது.

இன்று அங்கே போகிறவர்கள் சிவப்புப் பாலத்தில் படம் எடுக்கிறார்கள். கோரைப் புதர்களில் பறவை பார்க்கிறார்கள். காலுக்கடியில் முப்பது ஆண்டுக் குப்பையின் சாற்றை வேர்கள் தின்றுகொண்டிருப்பது தெரிவதில்லை. ஒரு நகரம் தன் அழுக்கை மறைக்காமல், அதன் மேலேயே நின்று அதைச் செரிக்கக் கற்றுக்கொண்ட இடமாக நான் அதைப் பார்க்கிறேன்.

லோரோங் ஹாலுஸ் நிரம்பியதும் குப்பை கடலுக்குப் போனது. 1999 ஏப்ரலில் தென்கடலில் தொடங்கியது செமாக்காவ் குப்பைத்தீவு. 7 கிலோமீட்டர் பாறைக் கரை, அதற்குள் நீர் கசியாத விரிப்பு, கடற்களிமண். உள்ளே ஊறும் நீரைத் தீவிலேயே சுத்திகரிக்க ஒரு நிலையம். கரையில் நட்ட 13.6 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு காவலாளியாக நிற்கிறது. கசிவு இருந்தால் முதலில் வாடப்போவது அந்த மரங்கள்தான்.

கெட்ட பிறகே தெரியும் கடல்

கழிவுநீர் கடலைக் கொல்லும் விதம் மெதுவானது. கறுப்பாக எதுவும் ஓடாது, நாற்றமும் வராது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் உரம். வயலில் போட்டால் பயிர் வளரும், கடலில் கரைந்தால் பாசி வளரும். பாசி வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் இல்லாத கடற்புல் மடியும், பவளம் வெளிறும். பாசி செத்து மக்கும்போது நீரிலுள்ள உயிர்வளியையும் எடுத்துக்கொள்ளும்.

2015-இன் தொடக்கத்தில் ஜொகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் இதன் கொடுமை தெரிந்தது. நச்சுப்பாசிப் பெருக்கத்தில் 500 டன்னுக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன. பல பண்ணைக்காரர்கள் ஒரே வாரத்தில் முதலீட்டை இழந்தார்கள். இப்படிப்பட்ட பாசிப் பெருக்கத்துக்கு வெயில், நீரோட்டம், உரச்சத்து எனப் பல காரணங்கள் சேர வேண்டும். எந்த ஒரு கழிவுக் குழாயையும் சுட்டி இதுதான் என்று சொல்லிவிட முடியாது. சிறு கசிவுகள் தப்பித்துக்கொள்வதும் அதனால்தான். எல்லோரும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள், யாரும் குற்றவாளியாவதில்லை.

தென்தீவுகளில் இழக்கக்கூடியது இன்னும் அதிகம். நிலமேடாக்கத்தால் சிங்கப்பூர் தன் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இழந்துவிட்டது. அப்படியிருந்தும் 250-க்கு மேற்பட்ட வன்பவள இனங்கள் இந்தச் சிறிய கடலில் உயிரோடிருக்கின்றன. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் 100,000 பவளங்களை நடும் பணியைத் தொடங்கியது. நடுவது ஒரு நாள் வேலை. அவை வளர வேண்டிய நீரைப் பல ஆண்டுகள் தெளிவாக வைத்திருப்பது அன்றாட வேலை. தீவுக் கழிப்பறையின் தொட்டி, உல்லாசப் படகின் கழிவுக் கலம், கரையோரக் கடையின் கிரீஸ் டிராப் எல்லாம் அந்த வேலைக்குள் வரும்.

குழிக்குள் இறங்குபவர்

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென நிலம் உள்வாங்கி, ஒரு கார் பள்ளத்துக்குள் போனது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாய்களை இணைக்க 16 மீட்டர் ஆழத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த ஊழியர்கள் ஓடிவந்தார்கள். நைலான் கயிற்றை வீசி, காரிலிருந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே தூக்கினார்கள். ஏழு பேர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தலைமை தாங்கியவர் நம் தமிழர். அதிபர் தர்மன் சண்முகரத்னம் அவர்களை அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்துச் சந்தித்தார். நாடே பேசியது.

அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசிய நாம், அந்தக் குழியைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? நம் கழிவுநீர் கடலுக்குப் போகாமல் இருக்கத்தான் அவர்கள் அங்கே நின்றார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மே 23 அன்று, சுவா சூ காங் நீர் நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும் பணியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி, இந்தியாவிலிருந்து வந்த 40 வயது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வாயு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் கணம்தான் ஆபத்தின் உச்சம். சிறு தொட்டிகளுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் சிறு தொட்டியில்தான் கண்காணிப்பாளர் இல்லை, வாயு அளக்கும் கருவி இல்லை, மேலே கயிறு பிடித்து நிற்க ஆள் இல்லை. சிறியது என்ற காரணத்தால் பாதுகாப்பில் ஒரு படியைக்கூட விடக்கூடாது.

ஊர்க் கரைக்கும் இதே கேள்வி

ஞாயிறு மாலை தேக்காவில் கூடும் ஊழியர்களிடம் ஊர் கேட்டால் புதுக்கோட்டை, தஞ்சாவூர், இராமநாதபுரம் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். இந்தியாவின் முதல் கடற்பசு காப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது அந்தத் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால், பாக் விரிகுடாவில்தான். பரப்பு 448 சதுர கிலோமீட்டர். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாயின. கடற்பசுவுக்கு உணவு கடற்புல். செக் ஜாவாவின் கடற்புல்லிலும் கடற்பசு மேய்ந்த தடங்கள் பதிவாகியுள்ளன. இரண்டு கரைக்கும் ஒரே விருந்தாளி.

இங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே வீடு எழும்புகிறது. வீட்டோடு கழிப்பறை, கழிப்பறையோடு செப்டிக் டேங்க். பல ஊர்களில் அந்தத் தொட்டிக்கு அடித்தளம் பூசுவதில்லை. "தண்ணி தானா இறங்கிடும்" என்பார்கள். மணல் கரையில் இறங்கிய நீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. தொட்டி நிறைந்தால் லாரி வரும், உறிஞ்சும், ஓடையிலோ பொட்டலிலோ கொட்டும்.

மாற்று வழி தமிழ் மண்ணிலேயே உண்டு. கடலை ஒட்டிய ஆரோவில்லில் தடுப்பறைத் தொட்டியும் நாணல் படுகையும் சேர்ந்த சிறு நிலையங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. சுத்தமான நீர் தோட்டத்துக்குப் பாய்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில், லாரியில் வரும் தொட்டிக் கசடைச் சுத்திகரிக்கத் தமிழகத்தின் முதல் நிலையம் அமைந்தது. ஆயிரக்கணக்கான கோடி தேவைப்படும் சுரங்கம் இல்லாத ஊரும் தன் கரையைக் காக்கலாம் என்பதற்கு இவை சான்று. தேவைப்படுவது மூன்று: முறையாகக் கட்டிய தொட்டி, குறித்த காலத்தில் கசடு எடுக்கும் ஏற்பாடு, குழிக்குள் ஆள் இறங்காமல் இயந்திரத்தால் செய்யும் கண்டிப்பு. 2013-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தது. பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் அது குற்றமாக்கியது.

■ நாம் செய்யக்கூடியது

• பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல், ஆறவைத்துப் பழைய தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.
• தட்டில் மிஞ்சிய சோற்றை வழித்துப் போட்ட பிறகே கழுவுங்கள்.
• பின்சந்து வடிகாலில் வாளி நீர் சாய்ப்பதைப் பார்த்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அது குடிநீருக்குப் போகும் வழி.
• உபினுக்கோ தென்தீவுக்கோ போனால் ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போடாதீர்கள். சிறு தொட்டியை அடைக்க ஒரு பிடி போதும்.
• ஊரில் வீடு கட்டுகிறவர்கள், கொத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டியது: தொட்டிக்கு அடித்தளம் உண்டா? கிணறு எவ்வளவு தூரம்?

மூடி விழும் ஓசை

பின்சந்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. வாளிகள் மூடி போட்டு ஓரமாக வைக்கப்பட்டன. இளையவர் வெந்நீர் பிடிக்கப் போகிறார். மூத்தவர் தடுக்கிறார். வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொழுப்பு உருகித் தொட்டியைத் தாண்டிக் குழாய்க்குள் போய்விடும் என்று விளக்குகிறார். பச்சைத் தண்ணீரும் சுரண்டியும்தான் சரி. இன்னும் கால் மணி நேரம் முதுகு வளைய வேண்டும். வளைகிறார்கள்.

தடுப்புப் பலகையின் இடுக்கில் ஒட்டியிருந்த கடைசித் துண்டும் வாளிக்கு வந்த பிறகு, இரும்பு மூடி அதன் இடத்தில் விழுகிறது. சந்தின் முனையில் உள்ள வடிகாலை எட்டிப் பார்த்தேன். மாலையில் பெய்த மழையின் மிச்சம் மெல்லிய கோடாக ரோச்சோர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தெரு விளக்கின் வெளிச்சத்தில் அதன் மேல் எண்ணெயின் வானவில் ஏதும் இல்லை.